இரண்டாம் சுற்றில் வரும் வலி

போன வாரம் நம் வாட்ஸ்அப் குரூப்பில் ஒருத்தி ஒரு போட்டோ போட்டாள். ஒன்பதாம் வகுப்பில், மாவட்டப் போட்டிக்குப் போய்வந்த பிறகு பள்ளிக்கூட வராந்தாவில் வைத்து எடுத்தது. நடுவில் நான். கையில் கப்போடு, கண்ணைச் சுருக்கிக்கொண்டு, புளிப்பு எதையோ கடித்தவள் மாதிரி நிற்கிறேன். உங்களில் இருபது பேர் அதற்கு இதயம் போட்டீர்கள். அத்தோடு விட்டிருக்கலாம். கடைசி பெஞ்சுக்காரி ஒருத்தி, இன்றைக்கும் வாயை வைத்துக்கொண்டு சும்மா இருக்கத் தெரியாதவள், இதில் உன் பெரியம்மா மகளைக் காணோமே, நம் ஸ்கூலிலேயே அவள்தானே வேகமாக ஓடுவாள் என்று கேட்டாள். அதற்கும் எட்டுப் பேர் கட்டைவிரலைத் தூக்கிக் காட்டினீர்கள். யார் யார் என்று குறித்து வைத்திருக்கிறேன்.

எனக்கு அறுபது வயதாகிவிட்டது. முப்பத்தைந்து வருஷம் காக்கி உடுத்தி, சப்-இன்ஸ்பெக்டராக ரிட்டயர் ஆகி, பேத்தியும் பார்த்தாச்சு. ஆனாலும் அந்த ஒரு வரியைப் படித்ததும் பழைய எரிச்சல் வந்து உட்கார்ந்துகொண்டது. இரவு இரண்டு இட்லிதான் இறங்கியது. கேட்ட கேள்விக்குப் பதில் சொல்லியே தீர வேண்டும் என்று தோன்றிவிட்டது. குரூப்பில் டைப் பண்ணினால் நடுவில் குட்மார்னிங் ரோஜாப்பூ வந்து விழும். அதனால்தான் மொத்தமாக எழுதி அனுப்புகிறேன். அவள் இந்த குரூப்பில் இல்லை, அவளிடம் இருப்பது பட்டன் போன். அது ஒரு வசதி.

அவள் எங்கள் வீட்டுக்கு வந்தது அந்த ஜூன் மாதம். அச்சன்புதூரிலிருந்து பெரியப்பா ஒரு தகரப் பெட்டியையும் ஒரு சாக்கு அரிசியையும் அவளையும் பஸ்ஸில் கொண்டுவந்து இறக்கினார். தென்காசிப் பள்ளிக்கூடத்தில் படித்தால் பிள்ளை தேறிவிடும் என்பது அவர் எண்ணம். பெரியம்மா வரவில்லை. அவளுக்கு ஐந்து பிள்ளைகள், வயலில் நாற்று, தொழுவத்தில் மாடு. பிள்ளையை உன் பொறுப்பில் விட்டிருக்கிறேன், ஒரு குறை என்று என் காதில் விழக்கூடாது என்று மட்டும் சொல்லி அனுப்பியிருந்தாள். அம்மாவுக்குத் தன் அக்காவிடம் அந்த வயதிலும் பயம் உண்டு. அந்தச் சொல்லை மந்திரம் மாதிரி எடுத்துக்கொண்டாள்.

எங்கள் வீட்டில் அதுவரை நான் ஒரே பிள்ளை. அப்பா புளியங்குடியில் எலுமிச்சை கமிஷன் கடையில் கணக்குப்பிள்ளை. விடியும் முன்னே பஸ் ஏறி, விளக்கு வைத்த பிறகு எலுமிச்சை வாசத்தோடு திரும்புவார். மற்ற நேரமெல்லாம் அம்மாவும் நானும்தான். அதில் இவள் வந்து நுழைந்தாள். என் பாயில் பாதி, என் சோப்பில் பாதி, என் சீப்பில் முழுசு. காலையில் அம்மா முதலில் அவளுக்குத்தான் தலை பின்னுவாள். முடி நீளம், நேரமாகும் என்று காரணம் சொல்வாள். என் முறை வரும்போது பள்ளிக்கூட மணி அடித்துவிடும். ஒற்றை இழுப்பில் ரிப்பனைக் கட்டி என்னைத் தள்ளிவிடுவாள். அவள் என்னைவிட மூன்று மாதம் மூத்தவள், அக்கா என்று கூப்பிடு என்றாள் அம்மா. மூன்று மாதத்துக்கெல்லாம் அக்கா கிடையாது என்று நான் கூப்பிடவே இல்லை.

இதையெல்லாம்கூடப் பொறுத்திருப்பேன். ஓட்டத்திலும் கை வைத்தாள்.

உங்களுக்கு நினைவிருக்கும், ஏழாம் வகுப்பிலிருந்து எண்ணூறு மீட்டர் என்றால் நான்தான். நம் மைதானத்தை நாலு சுற்று. எனக்கு வெள்ளை கேன்வாஸ் ஷூ இருந்தது. பிராக்டீஸுக்கு முதல் நாள் உடைந்த சாக்பீஸை நனைத்துப் பூசி வெயிலில் வைப்பேன். பி.டி. டீச்சர் கழுத்தில் கறுப்புக் கயிற்றில் ஸ்டாப் வாட்ச் தொங்கும். அதை அவர் உள்ளங்கையில் தூக்கிப் பார்த்து உதட்டைப் பிதுக்காமல் இருந்தால் அன்று முழுக்க எனக்குத் தீபாவளிதான். இவள் வந்த இரண்டாம் வாரம், புதுப் பிள்ளைகளும் ஓடிப் பாருங்கள் என்றார் டீச்சர். இவள் பாவாடையைத் தூக்கிச் செருகிக்கொண்டு வெறுங்காலோடு வந்து நின்றாள். வரப்பில் ஓடி வளர்ந்த கால். மூன்றாம் சுற்றில் என்னைத் தாண்டினாள், நாலாவதில் பத்தடி முன்னால் போய்விட்டாள். நீங்கள் எல்லோரும் கை தட்டினீர்கள். எனக்குத் தட்டியதைவிடச் சத்தமாகத் தட்டினீர்கள்.

இனி உங்கள் யாருக்கும் தெரியாத விஷயத்துக்கு வருகிறேன். ஓடினால் எனக்குத் தலை வலிக்கும். எட்டாம் வகுப்பிலிருந்தே உண்டு. முதல் சுற்றில் ஒன்றும் தெரியாது. இரண்டாம் சுற்று பாதி போனதும் காதுக்கு மேலே இரண்டு பக்கமும் திம் திம் என்று அடிக்க ஆரம்பிக்கும். நெஞ்சு அடிக்கும் அதே வேகத்தில் தலையும் அடிக்கும். நாலாவது சுற்றில் கண்ணுக்குள் வெளிச்சம் குத்தும். ஓடி முடித்தும் விடாது. முதல் பீரியட் கணக்கு டீச்சர் போர்டில் எழுதும் சாக்பீஸ் சத்தம் மண்டைக்குள் எழுதுவது போலிருக்கும். பத்தரை மணிக்குத் தானாகக் கரைந்துவிடும். சாரல் விட்டு வெயில் சுள்ளென்று அடித்துப் புழுக்கம் வந்தால் அன்றைக்கு இரண்டு மடங்கு.

யாரிடமும் சொல்லவில்லை. பத்தாம் வகுப்பு அக்கா ஒருத்தி ப்ரேயரில் மயங்கி விழுந்ததும் அவளைக் கோ-கோ டீமிலிருந்து எடுத்ததை நான் பார்த்திருந்தேன். உடம்புக்கு முடியாதவள் ஓரமாக உட்காரட்டும் என்பது டீச்சரின் சட்டம். அதுவும் போக, ஓடுகிறவர்கள் எல்லோருக்கும் இப்படித்தான் இருக்கும், வெளியே சொல்லமாட்டார்கள் என்று நினைத்துக்கொண்டேன். எனக்கென்று ஒரு வைத்தியம் வைத்திருந்தேன். மைதானத்தின் மூலையில் தண்ணீர்த் தொட்டி இருந்ததே, அதன் பின்பக்கம் யாரும் வரமாட்டார்கள். பாசி பிடித்த சிமெண்டு ஜில்லென்று இருக்கும். அதில் நெற்றியை ஒட்டிவைத்துக்கொண்டு குனிந்து நிற்பேன். அப்பா சட்டைப் பையிலிருந்து எடுத்த எலுமிச்சம்பழத்தை நகத்தால் கீறி முகர்ந்துகொள்வேன். மணி அடித்ததும் முகத்தைக் கழுவிக்கொண்டு வகுப்புக்கு வந்துவிடுவேன். இரண்டு வருஷம் பக்கத்தில் உட்கார்ந்திருந்த நீங்களே கண்டுபிடிக்கவில்லை.

அந்த வருஷம் குற்றாலத்தில் நல்ல சீசன். ஞாயிற்றுக்கிழமை விடியற்காலையில் அம்மா எங்கள் இரண்டு பேர் தலையிலும் நல்லெண்ணெயைத் தேய்த்து, தூக்குவாளியில் புளிசாதம் கட்டிக்கொண்டு டவுன் பஸ்ஸில் கூட்டிப்போவாள். மேலகரம் தாண்டும்போதே காற்றில் ஈரம் அடிக்கும். மெயின் அருவியில் பெண்கள் பக்கம் நடுவில் போகப் போகத் தண்ணீர் கல்லாக விழும். நான் ஓரத்தில் கம்பியைப் பிடித்துக்கொண்டு தோளை மட்டும் கொடுப்பேன். அவள் நேராக நடுவில் போய்த் தலையைக் கொடுத்து நிற்பாள். அம்மா எல்லாப் பெண்களுக்கும் கேட்கிற மாதிரி, எங்க அக்கா மக என்று சொல்லிச் சிரிப்பாள். ஓரத்தில் நின்றவள் யார் மகள் என்று யாரும் கேட்கவில்லை. திரும்பும்போது மங்குஸ்தான் வாங்கித் தருவாள், ஆளுக்கு ஒன்று. அடியில் உள்ள பூவிதழை எண்ணினால் உள்ளே எத்தனை சுளை என்று தெரிந்துவிடும் என்பதால் நான் நின்று நிதானித்து எண்ணி எடுப்பேன். அவள் கைக்கு வந்ததை எடுப்பாள். உடைத்துப் பார்த்தால் அவளுடையதில்தான் கொட்டையில்லாத சுளை அதிகமாக இருக்கும். சுளைக்காகவெல்லாமா என்று சிரிக்காதீர்கள். பதினாலு வயதில் அது பெரிய அநியாயம்.

ஆனி மாதம் கடைசியில் ஒருநாள் பிராக்டீஸ் முடிந்து, தலை தெறிக்கிற வலியோடு தொட்டிக்குப் பின்னால் போனேன். என் இடத்தில் அவள் நின்றுகொண்டிருந்தாள். பாசிச் சிமெண்டில் நெற்றியை வைத்து, இரண்டு கையாலும் காதுக்கு மேலே அமுக்கிக்கொண்டு, நான் எப்படி நிற்பேனோ அப்படியே நின்றாள். என்னைப் பார்த்ததும் பயந்துபோனாள்.

“ரெண்டாவது ரவுண்டுலருந்து தலை அடிக்குட்டி,” என்றாள். “யாருட்டயும் சொல்லிராத. எங்க அம்மைக்குத் தெரிஞ்சா ஊருக்கு வரச் சொல்லிருவா.”

எனக்கும் அப்படித்தான் என்று நான் சொல்லியிருக்க வேண்டும். நாக்கு நுனி வரை வந்தது. சொல்லியிருந்தால் இரண்டு பேரும் ஒரே தொட்டியில் ஆளுக்கொரு பக்கம் நெற்றியை வைத்து நின்றிருப்போம். ஆனால் எனக்கு அப்போது பரிதாபம் வரவில்லை, பொறாமைதான் வந்தது. பாயில் பங்கு, அம்மாவில் பங்கு, ஓட்டத்தில் பங்கு, கடைசியில் என் தலைவலியிலுமா பங்கு என்று வந்தது. வலித்துக்கொண்டே அவள் என்னை ஜெயிக்கிறாள் என்பது அடுத்தபடியாகப் புரிந்தது. அதுவரை, எனக்குத் தலைவலி, அதனால்தான் பின்தங்குகிறேன் என்று உள்ளுக்குள் ஒரு சமாதானம் வைத்திருந்தேன். அதையும் பறித்துவிட்டாள். யாரிடமும் சொல்லமாட்டேன் என்று சொல்லிவிட்டு, மைதானத்து நடுவில் வெயிலில் போய் நின்றேன்.

மூன்று நாள் சொல்லாமல்தான் இருந்தேன். நாலாம் நாள் ப்ரேயரில் டீச்சர் மாவட்டப் போட்டிக்குப் பெயர் வாசித்தார். ஒரு பள்ளிக்கு ஒருத்திதான் ஓடலாம். எண்ணூறு மீட்டருக்கு அவள் பெயர். சப்ஸ்டிட்யூட் என்று சொல்லி என் பெயர். அந்த இங்கிலீஷ் வார்த்தைக்கு அன்றுதான் அர்த்தம் தெரிந்துகொண்டேன்.

சாயங்காலம் அவள் குடிதண்ணீர் பிடிக்கத் தெருக் குழாய்க்குப் போயிருந்த நேரம், அம்மா அடுக்களையில் சுளகில் உளுந்து புடைத்துக்கொண்டிருந்தாள். பக்கத்தில் போய் உட்கார்ந்து, கல் பொறுக்குவது போலப் பாவனை செய்துகொண்டு சொன்னேன். அவளுக்கு ஓடினால் தலை வலிக்கிறதாம், பொறுக்க முடியாமல் வலிக்கிறதாம், உங்களிடம் சொல்லக்கூடாது என்று சத்தியம் வாங்கியிருக்கிறாள் என்றேன். சத்தியத்தை நான் சேர்த்தேன். சுளகு அப்படியே நின்றுபோயிற்று. அம்மாவின் முகம் வெளுத்ததை இப்போதும் பார்க்க முடிகிறது. அடுத்தவள் பிள்ளைக்குத் தலையில் ஏதும் வந்துவிட்டால் அக்காவுக்கு நான் என்ன பதில் சொல்வேன் என்று தனக்குத்தானே பேசிக்கொண்டாள். பிறகு, சுளகை மறுபடி எடுத்துக்கொண்டு, என் பக்கம் திரும்பாமலே கேட்டாள்.

“உனக்கு அப்படி ஏதும் வருதாட்டி?”

“எனக்கு ஒண்ணும் இல்ல,” என்றேன். மூச்சு விடுவதற்கு முன்னே சொல்லிவிட்டேன். ஆமாம் என்றால் இரண்டு பேரும் உட்கார வேண்டியதுதான். அம்மா அதற்கு மேல் கேட்கவில்லை.

மறுநாளே இலஞ்சியில் ஒரு வைத்தியரிடம் அவளைக் கூட்டிப்போனாள். நானும் கூடப் போனேன். அவர் கண்ணை விரித்துப் பார்த்தார், நாடி பிடித்தார், நெற்றியைத் தட்டினார். அருவியில் குளிப்பதுண்டா என்று கேட்டார். வாராவாரம் என்றாள் அம்மா. எங்கே நின்று குளிப்பாள் என்றார். நடுவில் என்றாள் அம்மா, கொஞ்சம் பெருமையோடு. அவருக்கு அது போதுமாக இருந்தது. நடு அருவித் தண்ணீர் உச்சியில் இறங்கி நீர் கோத்திருக்கிறது, ஓடும்போது உள்ளே குலுங்குகிறது, அதுதான் வலி என்று முடிவாகச் சொல்லிவிட்டார். சாரல் ஓயும்வரை அருவியும் கூடாது, ஓட்டமும் கூடாது, நீர்க்கோவை மாத்திரையை உரைத்து நெற்றியில் பற்றுப் போடுங்கள் என்று ஒரு பொட்டலம் கொடுத்தார்.

யோசித்துப் பாருங்கள். எங்கிருந்தெல்லாமோ வேன் பிடித்து, தலைவலி போகவேண்டும், பித்தம் போகவேண்டும் என்று குற்றாலத்துக்கு வருகிறார்கள். மூன்று மைல் தள்ளிக் குடியிருக்கிற நமக்கு எந்த வியாதி வந்தாலும் அருவி மேல்தான் பழி. நம் ஊரில் சளி பிடித்தாலும் அருவி, கண் சிவந்தாலும் அருவி. ஓடும்போது மட்டும் வருகிற வலிக்கு ஓட்டத்தைப் பற்றி அங்கே யாரும் ஒரு கேள்வி கேட்கவில்லை. நான் அருவியில் ஓரமாக நின்று தோளை மட்டும் நனைக்கிறவள், எனக்கும் அதே வலி இருக்கிறது, அதனால் அது நீர்க்கோவையாக இருக்கமுடியாது என்று அந்த அறையில் அறிந்திருந்த ஒரே ஆள் நான்தான். பெஞ்சில் உட்கார்ந்து காலை ஆட்டிக்கொண்டிருந்தேன்.

அம்மா டீச்சருக்குச் சீட்டு எழுதிக் கொடுத்தனுப்பினாள். டீச்சர் அவள் பெயரை அடித்துவிட்டு என் பெயரை எழுதினார். அவள் ஒருநாள் முழுக்க என்னிடம் பேசவில்லை. மறுநாள் வழக்கம்போல ரிப்பனை நீட்டி, கட்டிவிடுட்டி என்றாள். திட்டியிருந்தால் எனக்கு வசதியாக இருந்திருக்கும்.

நான் நினைத்தபடி எல்லாம் நடந்துவிட்டது. ஆனால் ஆடி மாதம் முழுக்க நான் பட்ட பாட்டை எவளும் பட்டிருக்கமாட்டாள். அம்மா விடியற்காலையில் எழுந்து, வெந்நீர் விட்டு அந்த மாத்திரையைச் சந்தனக் கல்லில் உரைப்பாள். ஓமமும் கற்பூரமும் மஞ்சளும் கலந்த ஒரு வாசம் வீடு முழுக்க வரும். அவள் தலையை மடியில் வைத்து நெற்றியில் பற்றுப் போட்டு, காயும்வரை கையை எடுக்கமாட்டாள். பெருவிரலால் புருவத்திலிருந்து நெற்றிப்பொட்டுக்கும், அங்கிருந்து காதுக்குப் பின்னாலும் மெதுவாக இழுத்துவிட்டுக்கொண்டே இருப்பாள். போட்டிக்காக டீச்சர் விடியற்காலையிலேயே வைத்த பிராக்டீஸில் ஓடிவிட்டு, மண்டை பிளக்கிற வலியோடு நான் உடுப்பு மாற்ற வீட்டுக்குள் நுழையும்போது தினமும் இதைத்தான் பார்ப்பேன். என் தலை அடித்துக்கொண்டிருக்கும். அம்மாவின் கை அவள் தலையில் இருக்கும்.

பக்கத்திலேயே சிமெண்டுத் தரையில் புத்தகத்தை விரித்துக்கொண்டு கவிழ்ந்து படுப்பேன். நெற்றியைத் தரையில் ஒட்டி வைத்துக்கொள்வேன். அந்த விரல் எத்தனை தடவை போய் வருகிறது என்று எண்ணுவேன். எனக்கு ஒரே ஒரு தடவை இழுத்துவிட்டால் போதும், வலி போய்விடும் என்று தோன்றும். கேட்கமுடியாது. கேட்டால் ஓட்டம் போகும், போட்டி போகும், போட்டுக்கொடுத்ததும் வெளியே வந்துவிடும். அவளுக்கு மிளகு ரசம், அவளுக்குச் சுக்கு வெந்நீர். அவள் போகக்கூடாது என்பதால் ஞாயிற்றுக்கிழமை அருவிக்கும் யாரும் போகவில்லை. அவளைப் பாயிலிருந்து எழுப்பிவிடலாம் என்று நினைத்தேன், அம்மாவின் மடியில் கொண்டுபோய்ப் படுக்கவைத்துவிட்டேன்.

ஒருநாள் அம்மா கையை நிறுத்தாமலே என்னைப் பார்த்து, ஏன் முகம் ஒரு மாதிரி இருக்கிறது என்று கேட்டாள். வெயில் என்றேன். வெளியே சாரல் அடித்துக்கொண்டிருந்தது.

ஆவணி முதல் வாரம் பாளையங்கோட்டையில் போட்டி. இரண்டாம் சுற்றில் வலி வந்தது, நாலாம் சுற்றில் எல்லைக்கோடு எனக்கு இரண்டாகத் தெரிந்தது. இரண்டாவதாக வந்தேன். அந்தப் போட்டோவில் கண்ணைச் சுருக்கிக்கொண்டு நிற்பது வெட்கத்தால் இல்லை. மறுநாள் விடிந்து எழுந்தும் வலி போகாத ஒரே தடவை அது. அந்தச் சர்டிபிகேட்டும் அதை வைத்துப் பிறகு வாங்கின இரண்டு மூன்றும்தான் என்னைக் காவல்துறையில் கொண்டுபோய்ச் சேர்த்தது. இன்டர்வியூவில் என் மார்க்கை யாரும் பார்க்கவில்லை, ஓட்டத்தைத்தான் பார்த்தார்கள். அவள் பத்தாவது முடித்து ஊருக்குப் போனாள். வடகரையில் கட்டிக்கொடுத்தார்கள். நல்ல மனுஷன், கொஞ்சம் தென்னை, கொஞ்சம் வயல். பிறகு அவள் ஓடவே இல்லை.

பயிற்சியில் இருந்தபோதுதான் ஒரு டாக்டர் என் தலைவலியைப் பிடித்தார். பரேடு முடிந்து சுவரில் சாய்ந்து நின்றவளைக் கூப்பிட்டு விசாரித்தார். வேறு எதுவும் இல்லை என்று சோதித்துப் பார்த்து உறுதி பண்ணிக்கொண்டார். சிலருக்கு ஓடினால் இப்படி வருவதுண்டு, உன்னுடையதில் பயப்பட ஒன்றும் இல்லை, எடுத்த எடுப்பில் வேகமாக ஓடாதே, பத்து நிமிஷம் நட, பிறகு மெல்ல ஓடு, உடம்பு பழகிய பிறகு வேகம் எடு என்றார். அவ்வளவுதான். ஒரு மாதத்தில் முக்கால்வாசி வலி போய்விட்டது. நம் டீச்சர் எங்களை ப்ரேயரில் அரைமணி நேரம் அசையாமல் நிற்கவைத்து, அங்கிருந்து நேராகக் கோட்டில் கொண்டுபோய் நிறுத்தி விசில் ஊதுவார். அவருக்கும் தெரியாது. பத்து நிமிஷம் நடந்திருந்தால் தீர்ந்திருக்கும், இரண்டு பேருக்கும். அவளுக்கு ஒரு கடுதாசி எழுதவேண்டும் என்று அன்று இரவு நினைத்தேன். மறுநாளிலிருந்து நினைக்கவில்லை.

அம்மா இறந்து எட்டு வருஷம் ஆகிறது. கடைசி மூன்று மாதம் கூட இருந்து பார்த்துக்கொண்டவள் அவள்தான். எனக்கு டியூட்டி. லீவு கிடைத்து வரும்போதெல்லாம் அம்மா அவள் கையில் கஞ்சி குடித்துக்கொண்டிருப்பாள். நான் ஊட்டப் போனால், போதும் என்று வாயை மூடிக்கொள்வாள். அந்த எரிச்சலையும் இங்கேயே சொல்லிவிடுகிறேன்.

உங்கள் எட்டுக் கட்டைவிரலைப் பார்த்த பிறகு, ஞாயிற்றுக்கிழமை காரை எடுத்துக்கொண்டு வடகரைக்குப் போனேன். அவள் வாசலில் தேங்காய்களைக் குவித்துத் தரம் பிரித்துக்கொண்டிருந்தாள். இளநீர் வெட்டிக் கொடுத்தாள். ரிட்டயர் ஆனவளுக்கு இனிமேலாவது இந்த ஊர் ஞாபகம் வந்ததே என்றாள். நான் சுற்றி வளைக்கவில்லை. அந்த வருஷம் அம்மாவிடம் போட்டுக்கொடுத்தது நான்தான் என்றேன். எனக்கும் அதே வலி இருந்தது, அதை மறைத்துக்கொண்டு உன்னை மட்டும் காட்டிக்கொடுத்தேன், அந்த வேலை உனக்குக் கிடைத்திருக்க வேண்டியது என்றேன். நாற்பத்தாறு வருஷமாக மனசில் எழுதி அடித்து எழுதிய வாக்கியங்கள்.

அவள் ஒரு தேங்காயைக் காதருகே ஆட்டிப் பார்த்துவிட்டுக் குவியலில் போட்டாள்.

“அது தெரியும்லா. தொட்டிப் பக்கம் என்னய நீ ஒருத்திதான பாத்த,” என்றாள். பிறகு சிரித்தாள். “நான் ஒண்ணு சொல்லுதேன் கேளு. ஓட்டத்த நிப்பாட்டுன நாலாம் நாளே எனக்கு வலி போயிட்டு. நான்தான் சொல்லல.”

ஏன் என்று கேட்டேன்.

“சொன்னா சித்தி மடியிலருந்து எந்திரிக்கணும்லா. எங்க வீட்ல அஞ்சு பிள்ளைய. எங்க அம்மை எந்தத் தலையத் தொட்டா?”

அப்படியென்றால் ஓட்டம் என்று கேட்டேன். ஓட்டமும் ஆசைதான், ராத்திரி படுத்தால் கால் தானாக உதறும், ஆனால் அது வேண்டுமென்றால் இது போய்விடுமே என்றாள். சர்வசாதாரணமாகச் சொன்னாள். எனக்குள் கணக்கு ஓடியது. ஆடி மாதம் முழுக்க, வலியே இல்லாத ஒரு நெற்றியில் என் அம்மாவின் கை. ஒரு முழம் தள்ளித் தரையில், வலிக்கிற நெற்றி என்னுடையது. மன்னிப்புக் கேட்கப் போனவள் நான். அந்த நினைப்பெல்லாம் எங்கே போயிற்றோ தெரியவில்லை.

“எங்க அம்மால்லா அது,” என்றேன். அறுபது வயதில், பென்ஷன் வாங்குகிற ஒரு பொம்பளை, இன்னொருத்தி வீட்டு வாசலில் உட்கார்ந்து சொன்னேன்.

அவள் கோபப்படவில்லை. தேங்காயை எல்லாம் ஓரமாகத் தள்ளிவிட்டு என் பக்கம் நகர்ந்து உட்கார்ந்தாள்.

“உனக்கும் வலிக்குன்னு சித்திக்குத் தெரியும்ட்டி,” என்றாள். “நீ ஓடிட்டு உள்ள நுழையுததக் கண்டா என் தலையத் தடவிக்கிட்டே மெள்ளச் சொல்லுவாவ, ‘இன்னைக்காவது இவ வாயத் தொறக்காளான்னு பாப்போம், வந்து படுத்தாள்னா இந்தப் பக்கம் மடி சும்மாதான கெடக்கு’ன்னு. தெனமும் சொல்லுவாவ.”

இளநீரைக் கீழே வைத்தேன். அம்மா இன்னொரு தடவை என்னைக் கேட்டிருக்கலாம். நானாக வரட்டும் என்று அவள் இருந்தாள், அவளாகக் கேட்கட்டும் என்று நான் கிடந்தேன். இந்தப் பிடிவாதம் எனக்கு யாரிடமிருந்து வந்தது என்று நீங்கள் கேட்கவேண்டாம். திரும்பி வரும் வழியில் இரண்டு தடவை காரை ஓரமாக நிறுத்தவேண்டியிருந்தது. பக்கத்து மடி எனக்காகக் காலியாக இருந்தது என்பது ஆறுதலான விஷயம்தான், எனக்குப் புரியாமல் இல்லை. ஆனால் அதைக்கூட அம்மா அவளிடம்தான் சொல்லியிருக்கிறாள்.